நான்கு விரல் உயரம்

எச்சில் என்ற சொல்லை மனித குலத்திடமிருந்து ஒழித்துக்கட்டியது கல்வியோ சட்டமோ புரட்சியோ அல்ல, நிலவின் ஈர்ப்பு விசைதான் என்பது முனைவர் பரஞ்சோதியின் முடிந்த முடிவு. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் அவர் இதை நிறுவியிருந்தார். பூமியில் மனிதர்கள் குவளையை உதட்டில் படாமல் நான்கு விரல் உயரத்தில் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார்கள். அடுத்தவன் வாய் வைத்த பாத்திரமாயிற்றே என்ற அருவருப்பு. நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. அங்கே ஊற்றினால் தண்ணீர் உருண்டு திரண்டு, சற்று யோசித்து, மூக்குக்குள் போகும். முதல் தலைமுறை இருமியது. இரண்டாம் தலைமுறை வாய் வைத்துக் குடித்தது. 'எடை குறையக் குறைய மனிதன் உயர்கிறான்' என்பது ஆய்வேட்டின் கடைசி வரி. மூன்றாம் குடியேற்றத்தின் சுகாதார இயக்குநர் பதவி அந்த வரிக்காகவே அவருக்குக் கிடைத்தது.

அவருடைய பெருமையில் நியாயம் இருந்தது. உணவுக்கூடத்தின் பலகையில் தினமும் காலையில் 'இன்றைய நீர்: ஐந்தாம் அடுக்கு' என்று எழுதிவைப்பார்கள். ஐந்தாம் அடுக்கில் வசிக்கும் நானூறு பேர் நேற்றுக் கழித்த சிறுநீர், வடிகட்டப்பட்டு, இன்று ஊருக்கெல்லாம் குடிநீர். "அஞ்சாம் அடுக்கு தேவலாம், ரெண்டாம் அடுக்குதான் லேசாக் கடுக்கும்" என்று பேசிக்கொண்டே ஆளுக்கு இரண்டு குவளை குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. சுரங்கங்களில் நாய்களை நடத்தும் நாய்ப்படைக்காரர்களின் குவளைகளுக்கு மட்டும் சிவப்புக் கைப்பிடி. அவை வாசலுக்கு வெளியே தனி ஆணியில் தொங்கும். அது ஓர் ஒழுங்குக்காக.

அன்று காலை பரஞ்சோதி ஏழாம் சுரங்கத்துக்குப் போனார். சட்டைப் பையில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

விஷயம் இணைமூச்சுப் பை பற்றியது. சுரங்கச் சுவரில் மயிரிழை விரிசல் விழுந்தால் காற்று வெளியேறும். அந்தச் சீறல் மனிதக் காதுக்கு எட்டாது. கருவிகளின் வாயை நிலவுத் தூசி அடைத்துவிடும். நாய்க்குக் கேட்கும். ஆகவே கசிவு நாய்கள், அவற்றை நடத்த ஆட்கள். விரிசல் பெரிதானால் இரு பக்கக் கதவுகளும் தாமே மூடிக்கொள்ளும். மீட்புக் குழு வரும்வரை உள்ளே இருப்பவர்களுக்கு அந்தப் பைதான் கதி. ஒரு பிராணவாயு உருளை, அதிலிருந்து கவையாகப் பிரியும் குழாய், ஒரு முனையில் ஆளுக்குச் சிவப்பு விளிம்பு வைத்த ரப்பர் கூம்பு, மறு முனையில் நாய்க்கு நீளக் கூம்பு. நாய் விட்ட மூச்சு கவை வழியாக மனிதக் குழாய்க்குள் வர வாய்ப்புண்டு என்று கண்டுபிடித்தவர் பரஞ்சோதி. நாய்க்கூம்பை நீக்க வேண்டும் என்பது சுற்றறிக்கை.

சுரங்க வாசலில் பார்வையாளர்களுக்கான மூச்சுப் பையை நீட்டினார்கள். பட்டையில் யாருடையதோ வியர்வை வாடை. "அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார்.

உள்ளே தவமணி நின்றிருந்தாள். பதினோரு வருடமாக நாய்ப்படையில் இருப்பவள். பக்கத்தில் அவளுடைய நாய் துரை, தொங்கும் உதடுகளோடு, அதிகாரியைப் பார்த்து வாலாட்டியது.

பரஞ்சோதி நாய்க்கூம்பை இரண்டு விரலால் தூக்கினார். உள்ளிருந்து ஒரு கொழகொழப்பு நூலாக இறங்கி, அவசரமில்லாமல் தரையைத் தொட்டது.

"இதை யாரும்மா கழுவுறது?"

"நான்தான் சார். ரெண்டு வேளையும்."

"கழுவியும் இப்படியா?"

"புது ஆளைப் பாத்தா அவனுக்கு வாயூறும் சார். பிரியத்துல."

அவர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். பிறகு கைக்குட்டையைக் கீழே போட்டார்.

"சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள் தவமணி. "நீங்க கையெழுத்துப் போட்டா அப்புறம் கதவு மூடுனா நான் மூச்சு விடுவேன். இவன் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சாவான். அதுக்குத்தானா இவனைக் கூட்டியாந்தோம்?"

"நாய் வேற வாங்கலாம்மா. நோய் வந்தா என்ன பண்ணுவே?"

"எனக்கு ஒண்ணும் வரலியே. போன வருஷம் நாலாம் சுரங்கத்துல என் குழா அடைச்சிக்கிச்சு. இவனோடதைத்தான் மாட்டிக்கிட்டேன். பத்து நிமிஷம்."

பரஞ்சோதி இரண்டடி பின்னால் போனார். "நாய் வாய் வச்சதுலயா?"

"ஆமா சார்."

அவர் சிரித்தார். நன்றாகவே சிரித்தார். "இதை வெளியில சொல்லிக்காதேம்மா, அசிங்கம். நானா இருந்தா மனுஷனாவே செத்திருப்பேன்."

பேனாவைத் திறந்தார். துரையின் காதுகள் நிமிர்ந்தன. அது சுவரைப் பார்த்து ஒரே ஒரு முறை குரைத்தது.

கதவுகள் இரண்டும் இழுத்துக்கொண்டு வந்து மூடின. சிவப்பு விளக்கு எரிந்தது. 'மீட்பு: இருபத்தைந்து நிமிடம்' என்று கதவின் மேல் எழுத்து ஓடியது.

பரஞ்சோதியின் காதுக்குள் 'டப்' என்றது. தவமணி பையைப் பிரித்து, முதலில் நாய்க்குக் கூம்பை மாட்டினாள், பிறகு தனக்கு. அதுவே அவருக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. கண்டிக்க வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, காற்று போதவில்லை. விரல் நகங்கள் நாவற்பழமாகிக்கொண்டிருந்தன.

"உங்க பை எங்க சார்?"

அவர் கதவைக் காட்டினார்.

தவமணி தன் கூம்பைக் கழற்றி நீட்டினாள். "இந்தாங்க. ஆளுக்கு அஞ்சு மூச்சு, மாத்தி மாத்தி."

பரஞ்சோதி அந்தக் கூம்பைப் பார்த்தார். சிவப்பு விளிம்பு. அவள் உதடு பட்ட இடத்தில் ஈரம். துரையைப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு விளிம்பைப் பார்த்தார்.

"வேணாம்மா" என்றார், மிகுந்த மரியாதையோடு. "உனக்கு எதுக்குச் சிரமம். நாயோடதே போதும்."

தவமணி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துரையின் முகத்திலிருந்து கூம்பை உருவிக் கொடுத்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பாசியைக் கட்டியாக்கிச் செய்த நாய்த் தீனியின் புளித்த நாற்றம் அடித்தது. ரப்பர் மூக்கின்மேல் வழுக்கிப் பிறகு ஒட்டிக்கொண்டது. ஏதோ ஒன்று மேலுதட்டிலிருந்து கீழுதட்டுக்கு இறங்கி, வாயோரமாக உள்ளே வந்தது. நாக்கில் ஒரு முடி. துப்புவதற்குக் கூம்பை எடுக்க வேண்டும்; மூச்சு கூம்புக்குள்தான் இருந்தது. விழுங்கினார்.

"அஞ்சாச்சு சார். அவனுக்குக் குடுங்க."

ஆறாவதையும் இழுத்தார். ஏழாவதையும். துரை உறுமவில்லை. நாக்கு நீலம் பாரித்துத் தொங்க, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தவமணிதான் கூம்பைப் பிடுங்கினாள்.

"எண்ணத் தெரியாதா சார், உங்க படிப்புக்கு?"

அதன் பிறகு அவர் எண்ணினார். அவருக்கு ஐந்து, துரைக்கு ஐந்து. ஒவ்வொரு முறையும் கூம்பு இன்னும் கொஞ்சம் நிரம்பித் திரும்பியது. எது நாயுடையது, எது தன்னுடையது என்று பத்தாவது நிமிடத்துக்குமேல் அவருக்குத் தெரியவில்லை. மோவாயில் வழிந்ததைத் துடைக்கவும் மறந்துவிட்டார். கைக்குட்டை தரையில் கிடந்தது.

கதவு திறந்தபோது மீட்புக் குழுவினர் கண்ட காட்சி, சுகாதார இயக்குநரும் ஒரு நாயும் கட்டிப் பிடித்தபடி தரையில் கிடந்தது. துரை அவர் முகம் முழுவதையும் நக்கிக்கொண்டிருந்தது. அவர் தடுக்கவில்லை. "என் தங்கம், என் ராசா" என்று அழுதார். எல்லார் முன்னிலையிலும் சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்துக் கிழித்தார். "நாய்க்கூம்பு இருக்கும். இனிமே இவனும் நம்மில ஒருத்தன். இன்னையிலேருந்து இவன் எங்க வீட்டுக்கே வரலாம், என் கட்டில்லயே படுக்கலாம்."

தவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

உணவுக்கூடத்து வாசலில் அவரை உட்காரவைத்தார்கள். துரை அவர் மடியில் தலை வைத்துக்கொண்டது. தொண்டை வறண்டு, பேச்சு வரவில்லை. தண்ணீர் என்று சைகை காட்டினார். உள்ளே கூட்டம். தவமணி ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்த குவளையில் பிடித்துவந்து நீட்டினாள். கைப்பிடி சிவப்பு.

"என்னுதுதான் சார்" என்றாள். அவர் தயங்கியதைக் கண்டு, "நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அதுக்கென்னம்மா" என்றார் பரஞ்சோதி.

இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். அவர் முழங்கையில் துரையின் எச்சில் இன்னும் காயவில்லை. மெல்லத் தலையை அண்ணாந்தார். குவளையை வாய்க்கு மேல் நான்கு விரல் உயரத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்தார்.

விளிம்பில் தண்ணீர் உருண்டு திரண்டு தொங்கியது. நிலவில் அது எதற்கும் அவசரப்படுவதில்லை. பரஞ்சோதி வாயைப் பிளந்தபடி காத்திருந்தார்.