பதினேழாம் நம்பர் டோக்கன்

நீச்சல் கண்ணாடியை மறந்துவிட்டோமே என்று ஏரிக்குத் திரும்பி வந்தவள், தண்ணீரில் படகைப் பார்த்ததும் பதறினாள். யாரோ முழுகிவிட்டார்கள்...

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். தினமும் காலையில் எதிர்க்கரைவரை நீந்தித் திரும்பிய பிறகுதான் கடைக்குப் போவாள். இறங்கும்போது பலகையில் தன் நம்பர் டோக்கனை மாட்ட வேண்டும்; கரையேறியதும் எடுத்துவிட வேண்டும். ஒரு டோக்கன் தொங்கினாலும் லைஃப்கார்டு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

படகுக்குப் பக்கத்தில் லைஃப்கார்டு தலை தூக்கினான். மூச்சு வாங்கியது. தானும் தேட வருவதாகச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்.

"எந்த நம்பருங்க?"

"பதினேழு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அது நான்தாங்க. எடுக்க மறந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. ஷூவில் தண்ணீர் சளக் சளக்கென்று பேச, கரையேறி வந்தான். இத்தனை நாளில் அவள் அவனை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. மழைக்கு முந்தைய ஏரி மாதிரி இருண்ட கண்கள்... அவள் முழுசாக இருக்கிறாளா என்று பார்த்தன.

"முக்கா மணி நேரமா உங்களை அடியில தேடிட்டிருக்கேன். சிரிப்பு வருதா?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி நாலு பேர் நின்றார்கள். ரோஷம் முந்திக்கொண்டது. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று டோக்கனைப் பலகையிலிருந்து கழற்றி அவன் மேசையில் வீசிவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் நீந்தவில்லை. தோள் இறுகியது. மாத்திரை எண்ணும்போதெல்லாம் அந்தக் கண்கள்... கணக்குத் தப்பியது. கடைசியில் அக்காவிடம் கொட்டினாள். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஷூவோடயா குதிச்சான்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"கழட்டிட்டுக் குதிக்கணும்னு அவனுக்குத் தெரியாதா? அதுதானேடி அவன் தொழிலே. பதறியிருக்கான், மக்கு."

பத்தாம் நாள் தூறலில் போனாள். ஏரியில் ஆளே இல்லை. பலகையில் மட்டும் பதினேழு தொங்கிக்கொண்டிருந்தது.

மேசையருகே உட்கார்ந்திருந்த அவனிடம், தப்பு தன்மேல்தான் என்றாள். சொன்ன பிறகு தோள் லேசானது. டோக்கன் ஏன் தொங்குகிறது என்று கேட்டாள்.

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "நீங்க போனதுமே மாட்டிட்டேன். ஆள் திரும்பி வராம எடுக்க மனசு வரல... தினமும் நீங்க கரையேறுற வரைக்கும் எனக்கு ஒரு வாய் டீ இறங்காது. அன்னிக்கு செத்துப் பொழைச்சேன்."

மழை ஏரி முழுக்கப் புள்ளி வைத்தது. அவள் குளிர்ந்த நீரில் முழங்கால்வரை இறங்கித் திரும்பினாள்.

"இன்னிக்கும் டோக்கனை எடுக்காமதான் போகப் போறேன்."

"அப்ப நான் தேடணுமே..."

"தேடுங்க. தண்ணியில வேணாம், வீட்டுக்கு வாங்க. அக்கா இருப்பா." நீச்சல் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள். "ஷூவை மட்டும் வாசல்ல கழட்டிடுங்க."