பைன் தோப்பில் பச்சை

பைன் தோப்புக்குள் பச்சையாக ஏதோ தெரிந்தது. ஹன்சி சருகு வாருவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். மாமியார் காலத்தில் ஓக் காட்டை வெட்டிவிட்டு வரிசையாகப் பைன் நட்டதிலிருந்து, வெயில் இறங்காமல், கணுக்கால் புதைய ஊசிச் சருகு மூடிக் கிடக்கும் அந்தத் தரையில் பாசிகூடப் பிடித்ததில்லை. எருமைக்குப் படுக்கை போடச் சருகு கிடைக்கும், வேறொன்றுக்கும் ஆகாத பாழாய்ப்போன தோப்பு.

"நீங்க வாரிக்கிட்டிருங்க அண்ணி, நான் புல்லு தேடிட்டு வரேன். கன்னு போட்ட எருமைக்குச் சருகையா திங்கக் குடுப்பீங்க?" என்று நாத்தனார் கிமுலி மத்தியானம் கிளம்பியிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணு, காட்டுல ஊர் சுத்தாம வந்து சேருடி."

பொழுது சாய்ந்துவிட்டது. அவள் வரவில்லை.

"கிமுலீ!" என்று ஹன்சி நீட்டிக் கூப்பிட்டாள். காட்டில் ஒருத்தி கூப்பிட்டால் இன்னொருத்தி குரல் கொடுத்தே ஆகவேண்டும். சத்தம் சருகுக்குள் அமுங்கிப்போனது. பிசின் வாடைக்கு நடுவே மக்கிய ஓக் இலையின் ஈர வாசனை வந்தது. அந்தப் பச்சையை நோக்கி நடந்தாள்.

ஓர் ஆள் படுத்த நீளத்துக்குப் புல்லும் பெரணியும் தளதளவென்று நின்றன. கோடையில் பச்சையைக் கண்டால் அந்த மலைப் பெண்களுக்கு அரிவாள்தான் முந்தும், யோசனை அப்புறம்தான். கிமுலி வருவதற்குள் ஒரு கட்டு சேர்த்துவிடலாம் என்று பிடி பிடியாக அறுத்தாள். புல் மயிர்போல மெத்தென்றிருந்தது. நாலாவது பிடியில் சடைக்குஞ்சலம் வந்தது. சிவப்புக் குஞ்சலம்.

"மெதுவா அண்ணி. வலிக்குது."

குரல் கீழேயிருந்து வந்தது.

அரிவாளை வீசி எறிந்தாள். இரண்டு கையாலும் தோண்டினாள். சருகு. மறுபடியும் சருகு. பிறகு மண். வெதுவெதுப்பான மண்.

"எங்கடி இருக்க? கையக் குடுடி, என் கண்ணு!"

கை கிடைத்தது. வளையலோடு. பிடித்து இழுத்தாள். வரவில்லை. அழுதுகொண்டே இழுத்தாள்.

"இழுக்காதீங்க. வேர் விட்டுருச்சு."

ஓடிவிடலாம் என்று தோன்றியது. இந்தப் பெண்ணை விட்டுவிட்டு எப்படி ஓடுவாள்? ஹன்சி கையை விடவில்லை. கையும் அவளை விடவில்லை. மெல்லக் கீழே இழுத்தது. மண்டியிட்டிருந்த அவள் முழங்காலைச் சுற்றிச் சருகைத் தள்ளிக்கொண்டு, பெரணிக் குருத்துகள் ஒவ்வொன்றாகச் சுருள் அவிழ்ந்தன.