கறுத்த டோக்கன்

சாப்பாட்டு டப்பாவின் மூடியை நாய் கவ்விக்கொண்டு வந்து காலடியில் வைத்தபோது, வனஜாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆவடியில் அந்தத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு அது வந்து ஐந்தாவது நாள். அதுவரை கட்டிலுக்கடியில் கிடந்து, மழைத் தூறல் ஓட்டில் விழுந்தால்கூட நடுங்கிய ஜீவன், இப்போது தானாக வந்து நிற்கிறதே!

கடைசி வரிசையில் பூட்டிக் கிடந்த வீட்டின் கொல்லையில், நாலு நாளாகச் சோறு தண்ணி இல்லாமல் கயிற்றில் கிடந்ததை அவள் கணவன் கோதண்டம்தான் அறுத்துத் தூக்கி வந்தான். கழுத்தில் கயிறு அறுத்த புண்ணுக்கு வனஜா மஞ்சள் பற்றுப் போட்டாள். அது முதலில் வாய் வைத்தது மகள் தேன்மொழி நீட்டிய பூரியில்தான். அதனால் பேரும் பூரி.

மூடியைக் கழுவியதும் சிரிப்பு நின்றது. 'கோதண்டம்' என்று பாத்திரக்கடையில் வெட்டிய பெயர். விளிம்பு நசுங்கியிருந்தது, பெயரின் குறுக்கே நீளமாக ஒரு கீறல். ஆனால் டப்பாவைக் காலையில்தான் அவன் வேலைக்கு எடுத்துப் போயிருந்தான். சாயங்காலம் மூடியோடுதான் திரும்பி வந்தது. அந்த மூடியில் நசுங்கல் இல்லை, கீறல் இல்லை.

"கடைக்காரன் ரெண்டு மூடியில வெட்டிகீறான், உடு," என்றான் கோதண்டம்.

அதிலிருந்து மூன்றாம் நாள் ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் சறுக்கி டப்பா உருண்டது. அன்றிரவு வனஜா இரண்டு மூடிகளையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். அதே நசுங்கல். அதே கீறல். எது நாய் கொண்டுவந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் பூரி நன்றாகப் பழகிவிட்டது. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் வாசல் கேட்டுக்கு ஓடும், கோதண்டத்தின் சைக்கிள் சத்தத்துக்கு வால் மட்டுமல்ல, இடுப்பே ஆடும். அதைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று வனஜா தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அது கொல்லை முருங்கைமரத்தடியை வெகுநேரம் தோண்டியது. ஈரமண்ணும் கருகிய எண்ணெயும் கலந்த ஒரு வாடையோடு வந்து, வட்டமாக ஒன்றை அவள் முன்னால் போட்டது. பித்தளை டோக்கன். அடுப்பில் கிடந்ததுபோல் கறுத்து, ஒரு ஓரம் உருகியிருந்தது. விரலால் தடவினாள். 1147. கோதண்டத்தின் எண்.

அவன் வேலை பார்த்த பெயின்ட் ஷாப் வாசலில், காலையில் அதைப் பலகையில் மாட்டினால் ஆள் உள்ளே, சாயங்காலம் எடுத்துக்கொண்டால் ஆள் வெளியே. அவனுடைய டோக்கன் கொடியில் தொங்கிய சட்டைப் பையில் பளபளவென்று இருந்தது. கறுத்ததைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் ஓடினாள்.

"அந்தக் கடைசி ஊட்டுக்காரன் செத்தப்புறம், அவன் பொஞ்சாதி நாயை மட்டும் கட்டிப்போட்டுட்டுப் போனாளே, ஏன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள் ஞானம்மாள். உடனே கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வனஜா அவன் சட்டைப் பையிலிருந்த டோக்கனை எடுத்து அரிசி டின்னுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் புதைத்தாள். டோக்கன் இல்லாமல் தொழிற்சாலை கேட்டில் விடமாட்டார்கள்.

"இன்னிக்கு லீவு போடுங்க. எனக்கு மனசே சரியில்ல," என்றாள்.

"இன்னாடி, சின்னப் பொண்ணாட்டம்? டோக்கன் எங்க வெச்சேன்னு தெர்ல, நீ வேற!"

தேன்மொழிக்கு வெள்ளை ரிப்பன் கட்டிப் பள்ளியில் விட்டுவிட்டு நிம்மதியாகத்தான் திரும்பினாள். வீட்டில் அவன் இல்லை. சைக்கிள் இல்லை. தொட்டியில் தேய்த்துப் போட்ட புளிச்சக்கை. கடுகு டப்பா இடம் மாறியிருந்தது.

அய்யோ! கறுத்ததை அவனே கண்டெடுத்து, புளி போட்டு விளக்கி எடுத்துப் போயிருக்கிறான். வெறுங்காலோடு தொழிற்சாலை கேட்வரை ஓடினாள்.

"உள்ள பூட்டாரும்மா. சாயங்காலம் வா," என்றான் காவல்காரன்.

மாலை வானம் கறுத்து மழை பிடித்தது. கரண்ட் போனது. சங்கு ஊதியது. பூரி கேட்டுக்கு ஓடவில்லை. முதல் நாள் மாதிரி நடுங்கியது. பிறகு கொல்லைப் பக்கம் ஓடியது.

கோதண்டம் வந்தான்.

சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. ஆள்தான் வந்தான். மழையில் நனைந்து, முகம் தெரியாத இருட்டில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தான். "நைனா!" என்று தேன்மொழி பின்னாலேயே ஓடினாள்.

கருமாரித் தாயே, காப்பாத்திட்ட! வனஜா அழுதாள், சிரித்தாள், காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். வீடெல்லாம் கருகிய எண்ணெய் வாடை. வேலைக்காரன் சட்டைதானே, அப்படித்தான் நாறும். கொல்லையில் நாய் தோண்டிக்கொண்டே இருந்தது.

வாசலில் ஞானம்மாள். குடை இல்லை. தலையெல்லாம் ஈரம்.

"வனஜா... பெயின்ட் ஷாப்புல நெருப்பாம். எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம். பலகையில ஒரே ஒரு டோக்கன்தான் எடுக்காம, கருகித் தொங்குதாம்."

"அவரு வந்துட்டாருக்கா. உள்ளதான் கீறாரு."

ஞானம்மாள் அவள் தோளுக்கு மேலாக உள்ளறையைப் பார்த்தாள். பின்னுக்கு நகர்ந்தாள். மழைக்குள் ஓடினாள்.

காலில் ஈரமாக ஏதோ பட்டது. பூரி. வாயிலிருந்ததை அவள் பாதத்தின் மேல் மெல்ல வைத்தது.

ரிப்பன். வெள்ளை ரிப்பன். ஒரு முனை கருகியிருந்தது.

காலையில் அவள் கட்டிய முடிச்சு இன்னும் அவிழவில்லை.

உள்ளறையில் தாழ்ப்பாள் விழுந்தது. கதவுக்குப் பின்னால் தேன்மொழியின் குரல் கேட்டது.

"நைனா, உன் கை இன்னா இப்படிச் சுடுது?"