மை இல்லாத விரல்

ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் ஒரு நினைவுச் சின்னம் வரப்போகிறது. ஒரு காலத்தில் பெண்களுக்கு ஓட்டே கிடையாது. அதற்காகப் போராடிய பெண்களுக்கு நன்றி சொல்லும் சின்னம் அது. பிள்ளைகள் செய்யும் மாதிரிகளில் நல்லது எதுவோ, அதையே பெரிதாகக் கட்டுவார்களாம்.

அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பு அனுப்பிரியாவுக்குக் கொள்ளை ஆசை. அவளும் நண்பன் விக்கியும் களிமண்ணில் ஒரு பெண்ணின் இடது கையைச் செய்தார்கள். ஆள்காட்டி விரல் நிமிர்ந்து நின்றது. அதில் ஓட்டு மை வைப்பதுதான் பாக்கி. அந்த வேலை விக்கியுடையது.

தலைமை ஆசிரியை பார்க்க வரும் நாள் காலையில், விக்கி களிமண் கையை மூடியிருந்த துணியை விலக்கினான்.

"எப்படிக் கீது?"

ஐந்து விரல்களிலும் மை!

"டேய், ஒரு விரல்லதானே வைப்பாங்க? கள்ள ஓட்டு போட்ட கை மாதிரி இருக்குடா!"

"அழகா இருக்கட்டுமேன்னு..." என்று விக்கி அசடு வழிந்தான். அவசரமாக உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். தேய்த்த வேகத்தில் ஆள்காட்டி விரல் மையும் போய்விட்டது. பெயின்ட் புட்டியோ காலி.

"என்னாலதான் எல்லாம் பேஜாராப் பூடுச்சு," என்றான். கண்ணில் நீர் முட்டியது. "என் பேர எடுத்துடு அனு. நீயாவது திட்டு வாங்காம இரு."

அனுவுக்குக் கோபம் வரத்தான் செய்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது இறங்கிவிட்டது.

"ரெண்டு பேரும்தான் செஞ்சோம். ரெண்டு பேர் பேரும் இருக்கும்," என்றாள்.

மொட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று ஓர் அட்டையை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

தலைமை ஆசிரியை கனகவல்லி வந்தார். "மை எங்கம்மா? மறந்துட்டீங்களா?"

"முதல்ல வெச்சோம் டீச்சர். அப்புறம் போயிடுச்சு," என்றாள் அனு. விக்கி தரையைப் பார்த்தான். "ஆனா இதுதான் சரின்னு இப்போ தோணுது. அந்தப் பெண்கள் போராடினப்போ அவங்களுக்கு ஓட்டே இல்லையே! மை நம்ம அம்மாங்க விரல்லதான் இருக்கு. அவங்க வந்து இந்தக் கை பக்கத்துல தங்க கையை வைக்கட்டும்."

டீச்சர் அட்டையைப் படித்தார்: 'உங்களால்தான் எங்கள் விரலில் மை.'

அவர் தம் இடது கையைக் களிமண் கையின் பக்கத்தில் வைத்தார். போன மாதத் தேர்தல் மை நகத்தில் இன்னும் இருந்தது.

"வரிசை நீளம்னு ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கிட்டேதான் ஓட்டு போட்டிருக்கேன். இவங்களை ஒரு நாள்கூட நினைச்சதில்ல," என்றார். பிறகு அந்தக் கையிடமே, "ரொம்ப நன்றிம்மா," என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இதையே வாசல்ல கட்டிடலாம்!"

விக்கி துள்ளிக் குதித்தான். "அடுத்த தேர்தல்ல எங்கம்மா ஓட்டு போட்டுட்டு நேரா இங்கதான் வந்து கை வெக்கும்!"

"எத்தனை விரல்ல மையோட?" என்று கேட்டாள் அனு.

"ஒண்ணே ஒண்ணுதான் தாயே!" என்று கும்பிட்டான் விக்கி.