நாலு விரல் இறங்கிய மரம்

"ஐயோ...!"

அலறல் பூங்காவின் மேற்கு மூலையிலிருந்து வந்தது.

பூங்கா என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஏரி இருந்தது, தண்ணீர் இல்லை. சறுக்குமரம் இருந்தது, ஏறப் படி இல்லை. பெஞ்சுகள் எல்லாம் பாலிதீன் சுற்றி, பிணங்களைப் போல வரிசையாகக் கிடந்தன. துணி மூடிய சிலைகள் யாருக்காகவோ காத்து நின்றன.

நாளைக் காலை திறப்பு விழா. இன்று காலை, பிரமுகர்களுக்கு மட்டும் சுற்றிக் காட்டல். இருபது பிரமுகர்கள். இருபது மஞ்சள் ஹெல்மெட்டுகள்.

அலறியது ஒரு பேராசிரியை.

"கால்ல இடிச்சுது சார்... குனிஞ்சு பார்த்தா... இது!"

தரையில் ஒரு முளைக்குச்சி. நிலத்தை அளக்கும் சர்வேயர்கள் அடையாளத்துக்கு அடித்து வைக்கும் மரக்குச்சி. தலையில் சிவப்புப் பெயின்ட். உடம்பில் கறுப்பு மையில், சாய்வான கையெழுத்து.

இன்றைய தேதி.

அதன் கீழே...

'அக்கா, நான் இங்கேதான் இருக்கேன்.'

திட்ட இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சட்டையில் 'கனவுச் சிற்பி' என்று ஒரு பேட்ஜ். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரே என்பதால் விழா எதுவும் நடக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! யாரோ விளையாடுறாங்க. எல்லாரும் இப்படி வாங்க... நீங்க நிக்கிறது வெறும் மண்ணு இல்ல. இந்த நகரத்தோட நுரையீரல்!"

நுரையீரல் அந்த நேரத்தில் சிமென்ட் தூசியை இருமியது. நான்கு பிரமுகர்கள் சேர்ந்து இருமினார்கள்.

"இது விளையாட்டு இல்ல சார்." பேராசிரியை குச்சியைச் சுட்டிக் காட்டினார். "வழியில ஒரு மேஸ்திரி சொன்னார். அஞ்சு நாளா, தினம் ஒரு குச்சி முளைக்குதாம். காணாமப் போன சர்வேயரோட கையெழுத்தாம்..."

"காணாமப் போகல மேடம். ஓடிப் போயிட்டான்! அஞ்சு வாரத்துக்கு முன்னாடி சாயங்காலம் வெளிய போனதா கேட் ரிஜிஸ்டர்ல எழுத்துல இருக்கு. எவளோ ஒருத்தியோட..."

"நாக்கை அடக்குங்க சார்."

கூட்டம் திரும்பியது.

மண் படிந்த பூட்ஸ். கலைந்த தலை. இடுப்பில் கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரி. பூங்காவின் அத்தனை மரங்களையும் நட்டவள். வேலையாட்களுக்கு அவள் 'மரக்கா.' காணாமல் போன சர்வேயருக்கு, கூடப் பிறந்த அக்கா.

"பாரும்மா..." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "விருந்தாளிங்க முன்னாடி குடும்ப விஷயம் எதுக்கு?"

"என் தம்பி குடும்ப விஷயம். உங்க பேட்ஜ் பொது விஷயமா?"

யாரோ சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு கை மரக்காவின் தோளை மெதுவாகத் தொட்டது. செக்யூரிட்டி ஆபீசர். நரைத்த மீசை, கனிந்த கண்கள். ஐந்து வாரமாகத் தினமும் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'சாப்பிட்டியா தங்கச்சி?' என்று கேட்கிற ஒரே மனிதர்.

"வேணாம் தங்கச்சி. வா, வந்து கொஞ்சம் உட்காரு."

"உட்கார நேரமில்லண்ணே. நாளைக்கு ரிப்பன் வெட்டிட்டா, அப்புறம் யாரும் இங்க மண்வெட்டியை எடுக்க மாட்டாங்க."

அதுதான் உண்மை. புல் விரித்துவிடுவார்கள். வாரக் கடைசியில் குடும்பங்கள் வந்து அதன்மேல் உருளும். தம்பி எங்கோ அடியில் கிடப்பான்... ஓடிப்போனவன் என்ற பெயரோடு.

அவள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் போனாள். அவர் பிரமுகர்களின் பாதுகாப்புக்கு வந்தவர். பாதுகாக்க எதுவும் இல்லாததால் கொட்டாவியைப் பாதுகாத்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொரு தடவை சொல்றேன். அன்னிக்குச் சாயங்காலம் இந்த மரச்சாலையில நாப்பது குழி வெட்டி வெச்சிருந்தோம். என் தம்பி குழியோட ஆழம் அளக்கப் போனான். அப்புறம் யாரும் அவனைப் பார்க்கல. மறுநாள் காலையில நாங்க வந்து நாப்பது மரத்தையும் நட்டுட்டோம்."

"நானும் இன்னொரு தடவை சொல்றேம்மா. நாப்பது மரத்தையும் பிடுங்க முடியாது. என் தொப்பியைப் பிடுங்கிடுவாங்க. ஒரே ஒரு மரத்தைக் காட்டு, தோண்டித் தர்றேன்."

"ஒண்ணு காட்டினா போதுமா?"

"போதும்."

"எல்லார் முன்னாடியும் சொல்றீங்க."

"சொல்றேம்மா!"

மரச்சாலை அவர்கள் எதிரே நீண்டு கிடந்தது. இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது. எல்லாம் பதினைந்து அடி. காற்று இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு பாலிதீன் உறை மட்டும் உப்பி... அடங்கி... உப்பி... அடங்கியது.

யாரோ மூச்சு விடுவது போல.

மரக்கா மரங்களுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க."

"நிகழ்ச்சி நிரல்ல இது இல்லையே..." என்றார் இயக்குநர்.

"மரம் நடும்போது ஒவ்வொண்ணுக்கும் மட்டம் பார்த்து எழுதி வெப்போம். அடி மண்ணு கெட்டியா இருந்தா மரம் அப்படியே நிக்கும். குழிக்கு அடியில யாராவது இன்னும் தோண்டி, எதையாவது வெச்சு மூடியிருந்தா... அது தளர்ந்த மண்ணு. பாரம் தாங்காது. மரம் மெல்ல மெல்லக் கீழ போகும்."

கூட்டம் நெருங்கி வந்தது.

"இன்னிக்கு விடியக்காலையில நாப்பதையும் மறுபடி அளந்தேன். முப்பத்தொம்பது மரம் நட்ட இடத்துல நிக்குது."

அவள் குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு மட்டும் நாலு விரல் இறங்கியிருக்கு."

இருபது மஞ்சள் ஹெல்மெட்டுகளும் ஒரே நேரத்தில் அசைந்தன!

பேராசிரியை எட்டிப் பார்த்தார். ஒரு பத்திரிகைக்காரர் கேமராவை இடமிருந்து வலம் ஓட்டினார். இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார். எல்லாக் கண்களும் மரம் மரமாகத் தாவின.

மரக்கா மரங்களைப் பார்க்கவில்லை. மனிதர்களைப் பார்த்தாள்.

முக்கியமாக ஒரு மனிதரை.

இயக்குநர் வாயைப் பிளந்துகொண்டு, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழில் தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து!

மரக்காவுக்குப் புரிந்தது. இவன் இல்லை. ஐந்து வாரமாகத் தப்பான ஆளை வெறுத்திருக்கிறாள். இது கொலைகாரன் முகம் இல்லை... வெறும் முட்டாள் முகம்.

அப்படியானால்...?

அவள் பார்வை நகர்ந்தது. உறைந்தது!

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரே ஒரு தலை மட்டும் தேடவில்லை. வரிசையைப் பார்க்கவில்லை. எண்ணவில்லை. நேராக, இடப்பக்கம் பதினேழாவது மரத்தின் அடியைப் பார்த்தது. அங்கேயே நின்றது.

நரைத்த மீசை துடித்தது.

"அண்ணே..."

செக்யூரிட்டி ஆபீசர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எந்த மரம்னு நான் இன்னும் சொல்லவே இல்லையேண்ணே?"

"எ... என்னம்மா?"

"எல்லாரும் தேடுறாங்க. நீங்க மட்டும் எப்படிண்ணே தேடாமலே கண்டுபிடிச்சீங்க?"

"நான் சும்மா... அந்தப் பக்கம் ஒரு குருவி..."

"இங்க இன்னும் குருவி வரல சார்," என்றார் இன்ஸ்பெக்டர். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. "ஆமா... அந்த கேட் ரிஜிஸ்டரை எழுதுறது யாரு?"

செக்யூரிட்டி ஆபீசர் ஓடினார்!

சிலைகளைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி, நுழைவாயிலை நோக்கி... கதவில் பெரிய பூட்டு! பிரமுகர்கள் உள்ளே இருக்கும்வரை திறக்கவே கூடாது என்று காலையில் உத்தரவு போட்டவர் அவர்தான். அவருடைய பணிக்காலத்திலேயே ஒழுங்காக நிறைவேறிய முதல் உத்தரவு.

இரண்டு கான்ஸ்டபிள்கள் கதவிலிருந்து அவரைப் பிய்த்து எடுத்தார்கள்.

"நான் வேணும்னு பண்ணல!" அவர் கதறினார். "நல்ல மேல்மண்ணை லாரி லாரியா வெளிய அனுப்பிட்டு, இடிச்ச கட்டடக் குப்பையைப் போட்டு நிரப்பினேன். அவன் அளந்தே கண்டுபிடிச்சுட்டான். சொல்லாதடான்னு கெஞ்சினேன்... தள்ளினேன்... தலை கல்லுல மோதிடுச்சு..."

"அப்புறம் தினமும் டீ வாங்கிக் குடுத்தீங்க," என்றாள் மரக்கா.



கிரேன் வந்தது. பதினேழாவது மரம் வேரும் மண்ணுமாக எழுந்தது. நான்கு பேர் இறங்கித் தோண்டினார்கள். முதலில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. பிறகு ஒரு சட்டைக் கை.

"போதும்... மெதுவா..." என்றாள் அவள். "மெதுவாடா, மண்வெட்டி பட்டுடப் போகுது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, அந்த முளைக்குச்சிங்க...?"

"நான்தான் நட்டேன். பயந்து யாராவது வாயைத் திறக்க மாட்டாங்களான்னுதான். பள்ளிக்கூடத்துல அவனோட வீட்டுப்பாடம் பூரா நான்தான் சார் எழுதிக் குடுத்தேன். ரெண்டு பேர் கையெழுத்தும் ஒண்ணு."

"அந்த நாலு விரல்...?"

"பொய். நாப்பதும் நட்ட இடத்துலதான் நிக்குது. ஒரு இஞ்ச் இறங்கல." அவள் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எப்படி இறங்கும்? அன்னிக்கு மண்ணை மிதிச்சு மிதிச்சு இறுக்கினது நான்தானே சார். இந்த ரெண்டு காலாலயும்..."

இன்ஸ்பெக்டர் எதிர்ப்பக்கம் திரும்பி, சம்பந்தமே இல்லாமல் ஒரு கான்ஸ்டபிளைத் திட்டினார்.

எங்கோ பாலிதீன் உப்பியது. அடங்கியது. அப்புறம் உப்பவில்லை.

பின்னாலிருந்து ஒரு செருமல்.

இயக்குநர்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உன் தம்பி ஓடிப்போயிட்டான்னு நான் சொன்னது தப்பு. நாளைக்கு மேடையில மன்னிப்புக் கேக்கறேன். ஆனா..." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "கல்வெட்டுல 'நாற்பது மரங்கள்'னு செதுக்கியாச்சு. இப்ப ஒண்ணு குறையுதே! விடியறதுக்குள்ள நான் இன்னொண்ணுக்கு எங்க போவேன்?"

மரக்கா முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். உச்சி முதல் பாதம் வரை, மட்டம் பார்ப்பது போல.

"எங்கயும் போக வேணாம் சார். நாளைக்கு அந்த இடத்துல நீங்களே நில்லுங்க... பேட்ஜை மட்டும் கழட்டிடுங்க, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது!"