குருத்தில் கருகிய செடி

"ஐயா, அந்தச் செடி சாகிற அண்டைக்கு நானும் மௌத்தாகிருவேன்."

மருதமுனையிலிருந்து வந்த ஸாலிஹா வாசலில் நின்றபடியே இதைச் சொன்னாள். கல்முனையில், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போத்திக்கரியாக இருந்து ஓய்வுபெற்ற நல்லரெத்தினம் அவளை உட்காரச் சொன்னார். பக்கத்தில் அவருடைய நண்பர், முன்னாள் தபால்காரர் மீராசாஹிபு காதைக் கூர்மையாக்கிக்கொண்டார்.

ஸாலிஹாவின் வயிற்றில் மூன்று மாதப் பிள்ளை. பத்து நாளாக வாந்தி, வயிற்று வலி. அவளுடைய படுக்கையறை ஜன்னலில் அன்னாசி இனத்துப் பூச்செடி ஒன்று இருந்தது. இலைகள் கிண்ணம்போலக் குவியும் அதன் நடுக் குழியில் எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். சிவந்த பூவோடு நின்ற அது, அவள் நோயில் படுத்த அதே வாரத்தில் கருகத் தொடங்கியது. சூனியம் என்று அயலில் கதைத்தார்கள். தினமும் காலையில் அவளுக்குத் எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணீர் கொடுப்பவள், கூடவே இருக்கும் விதவை அக்கா ஜுனைதா. ஸாலிஹாவின் கணவன் மசூர் ஜுனைதாவைச் சந்தேகித்து, நாளைக்குள் வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருந்தான்.

"ஜுனைதா ராத்தாவப் பாக்கவே பயமா இருக்கு. அந்தத் தண்ணி ஒரே துருக் கசப்பு. பாதி குடிப்பேன், மிச்சத்தச் செடிக்குள்ள ஊத்திருவேன்."

உடனே மூவரும் மருதமுனைக்குப் போனார்கள். பூ பூத்து முடிந்தால் தாய்ச்செடி சாவது இந்த இனத்தின் இயல்பு, இதில் மர்மமில்லை என்றார் மீராசாஹிபு.

நல்லரெத்தினம் செடியைத் திருப்பிப் பார்த்தார். "அப்படிச் சாக மாசக்கணக்காகும். வெளி இலைதான் முதல்ல வாடும். இங்க வெளி இலை பச்சை, அடியில கன்றும் பச்சை. தண்ணி நிக்கிற குருத்துத்தான் கருகியிருக்கு."

"அப்ப மதினிதான் நஞ்சு வெச்சிருக்கா, ஐயா," என்றான் மசூர்.

தேசிக்காய்த் தண்ணீரை எந்தப் பாத்திரத்தில் கலக்கிறாள் என்று கேட்டார் நல்லரெத்தினம். ஜுனைதா தண்ணீர் வைக்கும் செம்புக் கூசா ஒன்றைக் கொண்டுவந்தாள். இரவே பிழிந்து மூடி வைத்து விடியக் கொடுப்பதாகச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் தன் உம்மாவின் பழைய கூசாவைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே படிந்திருந்த மங்கல் போக, புளியும் மணலும் போட்டுத் தானே தேய்த்துத் தந்ததாக மசூர் பெருமையாகச் சொன்னான்.

நல்லரெத்தினம் வெள்ளைத் துணியால் கூசாவின் உட்புறத்தைத் துடைத்தார். துணியில் பச்சைக் களிம்பு ஒட்டியது.

"நீ தேய்ச்சது ஊத்தை இல்ல, மசூர். உள்ள பூசின வெள்ளீயம். அது போனா புளிப்பு செம்பைக் கரைக்கும். அதைத்தான் இவவும் குடிச்சா, செடியும் குடிச்சிது. ஒருத்தரும் நஞ்சு வெக்கல்ல."

பிள்ளைக்கு ஒன்றுமாகாதே என்று ஸாலிஹா மெல்லக் கேட்டாள். இன்றே டாக்டரிடம் காட்டவேண்டும், ஆனால் பாதியைக் கொட்டியது நல்லதாயிற்று என்றார் நல்லரெத்தினம். செடியின் குழியைக் கவிழ்த்துக் கழுவச் சொன்னார், கன்றுகள் பிழைக்கும்.

"மதினி, போகாதீங்க," என்றான் மசூர், தரையைப் பார்த்தபடி.

ஜுனைதா உள்ளே போனாள். மண்கோப்பையில் கிணற்றுத் தண்ணீர் மொண்டுவந்து, தங்கைக்கு முன்னால் தான் முதலில் ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையை நீட்டினாள்.

ஸாலிஹா அதை வாங்கி, அடிவரை குடித்தாள்.