விரிப்பில் ஒரு நீலக்கோடு

தெருவில் பாதிப் பேருக்குக் காபி இறங்குவதே அந்தத் தையல்காரி வீட்டுச் சண்டையைக் கேட்ட பிறகுதான். அன்றைக்கு ஏழு மணிக்கே நாத்தனார் வந்து இறங்கியாயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு திட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. அக்கம்பக்கத்துக்கு அது ரொம்ப வசதி.

"எங்கம்மாவ முதியோர் இல்லத்துல தள்ளிட்டு, இங்க நிம்மதியா மிஷின் மிதிக்கிறீங்களா அண்ணி? முதுகுல புண்ணு... உள்ளங்கை அகலத்துக்கு! தெரியுமா?"

"தினமும் பாக்குறேன். மாசத்துக்கு ஒருநாள் வந்து, கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்துட்டுப் போறவளுக்கு நேத்துதான் தெரிஞ்சிருக்கு!"

கணவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். சண்டை வரும்போதெல்லாம் அந்த மனிதருக்கு உலக நடப்பில் அக்கறை பிறந்துவிடும். "இல்லத்துல ஏதாவது கேட்டா, அம்மாவக் கூட்டிட்டுப் போங்கன்னுடுவாங்க. பேசாம இரேன்..."

தையல்காரி மேஜையில் கிடந்த நீல சாக்பீஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லத்துப் பணிப்பெண்கள் புரட்டினார்களோ இல்லையோ, கால்மாட்டில் தொங்கிய அட்டையில் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுந்தது. ஒன்பது மணிக்கு அங்கே போய், இடப்பக்கமாகக் கிடந்த மாமியாரின் தோளையும் இடுப்பையும் ஒட்டி, துணி வெட்டக் குறிப்பதுபோல் வெள்ளை விரிப்பில் கோடு போட்டாள் மருமகள். பிறகு கடைக்குப் போய் நாலு சட்டை தைத்தாள்.

இரண்டரை மணிக்கு நாத்தனாரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு திரும்பினாள். மாமியார் கோட்டுக்குள் அச்சுப் பிசகாமல் கிடந்தார். கிட்டே வந்திருந்தால்தானே கோடு யார் கண்ணிலாவது பட்டிருக்கும்! அட்டையிலோ பதினொன்று, ஒன்று, மூன்று... அதற்கும் மேலே போய் ஐந்து மணிக்கும் கையெழுத்து!

"ஆள் பத்தலைங்க," என்றாள் இல்லத்து மேலாளர், சிரிப்பு கலையாமல். "பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கங்க."

"நாங்க எதுக்குப் போகணும்? எங்கத்தை இங்கதான் இருப்பாங்க. நீங்கதான் ஒழுங்கா பாப்பீங்க! இப்பவே புரட்டுங்க. புண்ணுக்கு இன்னிக்கே டாக்டர் வரணும்." நாத்தனாரிடம் திரும்பினாள். "உனக்குத்தான் நல்லா போட்டோ எடுக்க வருமே... அட்டைய எடு. கோட்ட எடு. மணி தெரியற மாதிரி எடு. இவங்களுக்கு லைசென்ஸ் குடுத்த ஆபீசுக்கு அனுப்பு!"

நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்தாள். மேலாளரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. இரண்டு பணிப்பெண்கள் ஓடிவந்து புரட்டினார்கள்.

வலியில் முனகிய மாமியார் கண் திறந்து, விரிப்பைப் பார்த்தார். இருபது வருஷமாக மருமகள் வெட்டிய ஒவ்வொரு துணிக்கும் சொன்ன அதே சொல் குழறிக்கொண்டு வந்தது.

"கோ...ணல்."

நாத்தனார் உடைந்துபோனாள். "அண்ணி... நான்தான் கண்ணிருந்தும்..." என்று தோளில் விழுந்து அழுதாள்.

"அழுதது போதும், விரிப்பைப் பிடி." மூக்கைத் துடைத்துக்கொண்ட மருமகள், வலப்பக்கம் திரும்பியிருந்த மாமியாரை ஒட்டிப் புதுக்கோடு போட்டாள். "இப்ப பாருங்கத்தை. நேரா இருக்கா?"

பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"நாலரைக்கு வருவேன்."